எனக்கு நினைவில்லாத ஆட்டம்

மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. எதிரணிக்கு ஒரு கோர்னர் உதை கிடைத்திருந்தது. நான் பின்னால் கை நீட்டி கோல் கம்பம் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பந்து வளைந்து வந்தது. கோட்டை விட்டு வெளியே பாய்ந்தேன். நீட்டிய கைகளுக்கு மேலே பந்து, அதற்குப் பின்னால் சாம்பல் நிற வானம்.

அடுத்து எனக்குத் தெரிவது, உடை மாற்றும் அறையில் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காலில் பூட்ஸ் இருக்கிறது, மற்றக் காலில் இல்லை. சுற்றிலும் பாட்டும் கைதட்டலுமாக இருக்கிறது. எங்கள் கெப்டன் என் தலையில் தண்ணீரை ஊற்றி விளையாடுகிறாள்.

"கோர்னர் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எந்தக் கோர்னர்?"

"இப்ப அடிச்சாங்களே, அது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள். சிரிக்காமல் என்னைப் பார்த்தவள் ஒருத்திதான். எங்கள் இரண்டாவது கோல்கீப்பர், மடவளையிலிருந்து வருகிற பெண். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பக்கத்தில் வந்து குனிந்து, "அக்கா, அது முதல் பாதியில. நீங்க முழு மெச்சும் விளையாடினீங்க" என்றாள்.

அன்று நாங்கள் வென்றிருந்தோம். நான்தான் வெல்ல வைத்தேன் என்றார்கள். கெப்டனின் தங்கை போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினார்கள். கோர்னரில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் என் காதோரம் இடிக்கிறது. விழுகிறேன், உடனே எழும்புகிறேன், நடுவரிடம் கையைக் காட்டித் தலையாட்டுகிறேன். ஆட்டம் தொடர்கிறது. அதற்குப் பிறகு, இரண்டாம் பாதியில், மிகக் கிட்ட இருந்து அடித்த ஒரு பந்தை இடப்பக்கம் பறந்து விரல் நுனியால் மேலே தட்டிவிடுகிறேன். அப்படியொரு பாய்ச்சலை அதற்கு முன்னும் பின்னும் நான் பாய்ந்ததில்லை. விழுந்து எழும்பி, கையுறையில் ஒட்டிய சேற்றைத் தொடையில் துடைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவர்களைப் பார்த்துக் கத்துகிறேன்.

வீடியோவில் இருந்தது நான்தான். என் குரல், என் நடை. ஆனால் அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கவில்லை. எனக்குப் பதிலாக யாரோ என் உடம்புக்குள் நின்று ஆடியிருக்கிறார்கள். எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுக்க, நான் வீடியோவைத் திரும்பவும் முதலிலிருந்து ஓட விட்டேன். அப்படியொரு பயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

நான் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஓர் அணி சேர்த்தபோது, உயரமாக இருந்தேன் என்பதற்காக மட்டும் என்னைக் கோலுக்குள் நிறுத்தினார்கள். முதல் பந்து வயிற்றில் பட்டது. மூச்சு நின்றது. ஆனால் பந்து கைக்குள் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் என் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு கண்டியில் ஒரு பெண்கள் கழகம் என்னை எடுத்தது. மாதச் சம்பளம், கட்டுகஸ்தோட்டையில் மூன்று பேருக்கு ஓர் அறை, வருஷத்துக்கு ஒரு சோடி பூட்ஸ். இந்த நாட்டில் பெண்ணொருத்தி பந்து விளையாடிச் சாப்பிடுவது என்றால் அவ்வளவுதான், ஆனாலும் எனக்கு அது பெரிய விஷயம். அடிபட்ட அந்த வருஷம் எனக்கு இருபத்தாறு வயது. மாலைதீவில் ஒரு கழகம் என்னைப் பற்றி விசாரித்திருந்தது. எங்கள் இறுதிப் போட்டிக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அடிபட்ட அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் வீட்டுக்குப் போக பஸ் ஏறினேன். திகன தாண்டியது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த எந்தக் கடையும், எந்த வளைவும் எனக்குப் பழக்கமானதாக இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போய்வருகிற பாதை அது. கொண்டக்டரிடம் "இது எங்க போற பஸ்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. கோயில், சந்தி, மலைக்கு ஏறும் ரோடு. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் என்னை உலுக்கிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி நேரே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே என்னைப் பார்த்த வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரி. ஸ்கேன் எடுக்க வைத்தார். விரலை ஆட்டிக் காட்டினார், ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஒக்டோபருக்கு முன்னால் என்ன என்று தெரியாமல் திகைத்து நின்றேன்.

"பயப்பிடாதேங்கோ. ஸ்கேனில ஒண்டும் இல்லை," என்றார். "ஆனா மூளை குலுங்கியிருக்கு. அது ஆற வேணும். ஆறுறதுக்கு முதல் இன்னொரு அடி பட்டால்தான் ஆபத்து. விளங்குதோ?"

"பட்டா என்ன நடக்கும் டொக்டர்?"

அவர் பேனையை மேசையில் வைத்தார். "சில பேருக்கு ஒண்டும் நடக்காது. சில பேர் விழுந்த இடத்தில இருந்து எழும்ப மாட்டினம். உங்களுக்கு எது எண்டு என்னால சொல்ல ஏலாது பிள்ளை."

அந்த "சொல்ல ஏலாது" என்ற சொல்லோடுதான் நான் வெளியே வந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஓர் அண்ணன் இருந்தார். லொறியில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். முன்பெல்லாம் தோட்டத் திருவிழாவில் அவர்தான் மேளம் அடிப்பார். விழுந்த பிறகு வாசலில் உட்கார்ந்து யார் போனாலும் சிரிப்பார். மனைவியைப் பார்த்து "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வாசலைக் கடக்கும்போது ஓடித்தான் கடப்பேன். ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கும்போது அவருடைய அந்தச் சிரிப்பு என் முகத்தில் வந்துவிட்டதா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

கழகம் எனக்கு ஓய்வு கொடுத்தது. எங்கள் கோச் ஒரு சிங்களவர். நல்ல மனிதர், பொறுமைசாலி. "பய வென்ன எபா, நங்கி," என்பார், பயப்படாதே தங்கச்சி என்று. எல்லோருமே எனக்கு அதைத்தான் சொன்னார்கள்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் வீட்டுக்குப் போனேன். சோறு போடும்போது அம்மா என் கையைப் பார்த்துவிட்டார். கையில் செம்பை வைத்துக்கொண்டே செம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சு புள்ள?"

சொன்னேன். கோர்னரைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், வைத்தியர் சொன்னதையும் சொன்னேன். அழுவார், விளையாட்டை விடச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குந்தான் பயமா இருக்கு," என்றார்.

"எதுக்கும்மா?"

"மலைக்கி போறதுக்கு. போன மாசம் கீழ் மலையில குளவி கொட்டி ரெண்டு பேர ஆஸ்பத்திரிக்கி தூக்கிட்டு போனாங்க. ஒருத்தி என் பக்கத்து நெரையில நின்னவ. அதுல இருந்து செடிக்குள்ள கைய விடுறப்பல்லாம் நெஞ்சு அடிச்சிக்குது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? பயமா இருக்குன்னு சொன்னா பேர் போட்டு அன்னைக்கி சம்பளம் குடுப்பாங்களா?"

இருபத்தாறு வருஷமாக அவருடைய மகள், ஆனாலும் ஒரு மாதமாக அம்மா ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டு வேலைக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது அவர் என் தலையில் கை வைத்தார். அடிபட்ட பக்கத்தைத் தொடாமல், மறுபக்கத்தில் வைத்தார்.

ஓய்வு முடிந்தது. வைத்தியர் திரும்பவும் சோதித்தார். இந்தமுறை மாதங்களைத் தப்பில்லாமல் சொன்னேன். படிப்படியாகத் தொடங்கலாம் என்றார். முதலில் ஓட்டம், பிறகு உருட்டிவிடும் பந்து, பிறகு உதைக்கும் பந்து. உடம்பு எல்லாவற்றையும் செய்தது. தலைவலியும் போய்விட்டது. நானும் சுகமாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்து வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். மடவளைப் பெண் என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒண்டு சொன்னா கோவிப்பீங்களா?"

"சொல்லு."

"ஆள் மேல வரக்குள்ள நீங்க கண்ண மூடுறீங்க."

"நானா? இல்ல."

"மூடுறீங்க அக்கா. பந்து கையில படுறதுக்கு முன்னுக்கே மூடுறீங்க. நான் கம்பத்துப் பக்கத்துல நிண்டு பாத்துட்டுத்தான் ஈக்கேன்."

கோபம் வந்தது. என் இடத்துக்கு ஆசைப்படுகிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். "யார்கிட்டயாவது சொன்னியா?" என்றேன்.

"இல்ல. அல்லாஹ் மேல சத்தியமா இல்ல. எனக்கு உங்களப் பாத்தா பயமா ஈக்கிது. அதான் சொன்னேன்."

அடுத்த நாள் கவனித்தேன். அவள் சொன்னது உண்மை. யாராவது பாய்ந்து வரும்போது என் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. திறந்து வைத்திருக்க எவ்வளவு முயன்றாலும் முடியவில்லை. கைகள் பழக்கத்தில் பந்து வரும் இடத்துக்குப் போய்விடும், பெரும்பாலும் பிடித்தும்விடும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கோலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடப்பது மாதிரி.

இருவரும் அதற்காகவே தனியாகப் பயிற்சி செய்தோம். அவள் மெதுவாக ஓடிவந்து என் முன்னால் நின்றுவிடுவாள். "துறங்க, துறங்க!" என்று கத்துவாள். பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு இன்னும் வேகமாக. கண்கள் திறக்கப் பழகின. பயம் போகவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் கழிவறையில் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் கெப்டன் கையைத் தட்டுவாள், நானும் தட்டுவேன். அப்படியே ஆடி, அப்படியே வென்று, நாங்கள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம்.

அது கண்டியில்தான் நடந்தது, எங்கள் சொந்த மைதானத்தில். மாலைதீவிலிருந்து ஒருவர் வந்து மேலே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார். கோச் அவரை எனக்குக் காட்டாமல் இருக்க எவ்வளவோ பார்த்தார். நான் வந்தவுடனேயே கண்டுவிட்டேன்.

ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். வலப்பக்கம் தாழ்வாக வந்த ஒரு பந்துக்குப் பாய்ந்தேன். கண் திறந்துதான் இருந்தது. பந்து விரலில் பட்டு வெளியே போவதையும் பார்த்தேன். அதே வேகத்தில் என் தலை கம்பத்தில் போய் மோதியது. இரும்புச் சட்டியைத் தட்டியது போல் ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது.

எழும்பினேன். இந்தமுறை நினைவு போகவில்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எல்லாம் தெரிந்தது, ஆனால் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டு கெப்டன்கள் என்னை நோக்கி ஓடிவந்தார்கள். வலது கைவிரல்கள் என்னுடையவை மாதிரி இல்லை. எதிரணி கோர்னர் அடிக்கத் தயாராக நின்றது.

"ஹரித?" என்றாள் கெப்டன், சரியா என்று. என் வாய் வழக்கம்போல "ஹரி" என்று சொல்லப் போனது. அந்த ஒரு சொல் போதும், ஆட்டம் நடக்கும். என்னால் நின்றிருக்கவும் முடியும். முன்பு ஒருமுறை நானில்லாமலே என் உடம்பு நின்று ஆடியிருக்கிறதே. இந்தமுறை போனால் நான் திரும்பி வருவேனா என்று தெரியவில்லை. புல்லில் உட்கார்ந்து கையைத் தூக்கினேன்.

நடுவர் விசிலை ஊதினார். கோச் கோட்டருகே ஓடிவந்தார்.

"நங்கி, தவ டிக்கய்!" என்று கெஞ்சினார். இன்னும் கொஞ்சம்தான்.

"ஏலாது சேர்."

"எழும்பிப் பாரு. ஒரு கோர்னர்தான்."

"ஏலாது சேர். எனக்குப் பயமா இருக்கு."

முதல் தடவையாக அதை மைதானத்தில் சத்தமாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாற்று வீராங்கனைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

மடவளைப் பெண் ஓடிவந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அக்கா, எனக்கு ஏலாது. நீங்க இருங்க," என்று அழுதாள். அவளுடைய கையுறைக் கட்டை இறுக்கிவிட முயன்றேன், என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கெப்டன் வந்து கட்டிவிட்டாள், என்னைப் பார்க்காமல். ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்றேன், ஆனால் நடக்கத் தொடங்கியதும் கால் பின்னியது. தூக்கிக்கொண்டு போகும்போது கூட்டத்தில் யாரோ தமிழில் "பயந்தாங்கொள்ளி!" என்று கத்தியது தெளிவாகக் கேட்டது.

அம்புலன்ஸின் கதவு இன்னும் சாத்தப்படவில்லை, அந்தக் கோர்னரில் கோல் விழுந்துவிட்டது. எதிரணியின் ஆரவாரத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பந்து அந்தப் பெண்ணின் கைகளுக்கு நடுவால் போனதாம்.

ஸ்கேனில் இந்தமுறை ஒன்று இருந்தது. சின்ன இரத்தக் கசிவு. அதே யாழ்ப்பாண வைத்தியர்தான் வந்தார்.

"நீங்களாத்தான் வெளிய வந்தனீங்களோ?"

"ஓம் டொக்டர்," என்றேன். பயத்தில் அவருடைய தமிழே எனக்கும் வந்துவிட்டது.

"நல்லது செய்தனீங்கள்," என்றார். இனிமேல் விளையாட முடியாது என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

வார்ட்டில் படுத்திருந்த நாட்கள்தான் மிக மோசமானவை. கண்ணை மூடினால் திறக்கும்போது நான் யாராக இருப்பேனோ என்று பயந்து தூங்காமல் கிடந்தேன். விழித்ததும் முதல் வேலையாக என் பெயர், அம்மாவின் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி நான் செபம் செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாக அமைதியாக இருப்பார்.

கெப்டன் வரவில்லை. கோச் ஒருதடவை வந்து தோடம்பழம் வைத்துவிட்டுப் போனார். மாலைதீவுக்காரர் என்ன சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மடவளைப் பெண் தன் உம்மாவோடு வந்தாள். உம்மா கொண்டுவந்த சாப்பாட்டை நர்ஸ் மிஸ்ஸி வேண்டாம் என்று சொல்லியும் எனக்கு ஊட்டிவிட்டார். ஊட்டிக்கொண்டே, "இவள நிப்பாட்டச் சொல்லுங்க மகள். நீங்க சொன்னா கேப்பா. எனக்கு நெஞ்சு பதறுது," என்றார்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் தலையைக் குனிந்து நின்றாள். "அந்தக் கோல் என்னாலதானே அக்கா," என்றாள்.

"என்னால," என்றேன்.

"நான் நிப்பாட்டவா?"

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்து என்று சொல்ல எனக்கு முழு நியாயமும் இருந்தது. என் தலைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விளையாடு என்று சொல்லவும் ஆசையாக இருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றேன். "நீ பயந்தா கைய தூக்கு. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவள் நிறுத்தவில்லை. இப்போது அந்தக் கழகத்தின் முதல் கோல்கீப்பர் அவள்தான். அவளுடைய ஆட்டங்களை நான் நேரில் பார்ப்பதில்லை, பார்க்க முடிவதில்லை. முடிந்த பிறகு போன் பண்ணுவாள், குரலைக் கேட்ட பிறகுதான் என் மூச்சு சீராகும். கெப்டன் ஒரு வருஷம் கழித்து கண்டி மார்க்கட்டில் எதிர்ப்பட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மன்னிப்பு என்று எதுவும் அவள் கேட்கவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

நான் இப்போது திகனவில் சனிக்கிழமைகளில் சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லோருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. ஒரே ஒரு பிள்ளை மட்டும் முதல் நாளே வந்து கோலுக்குள் நிற்கப் போவதாகச் சொன்னாள். பயிற்சி முடிந்ததும் அவளுடைய தாய் என்னிடம் வந்தார். பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம்.

"மிஸ், இது ஆபத்தான வெளயாட்டா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஓரளவுக்கு ஆபத்துதான்," என்றேன். "கோல்ல நிக்கிறவளுக்குக் கொஞ்சம் கூட."

"உங்களுக்குப் பயமில்லையா?"

"பயம்தாங்க. இன்னைக்கும் பயம்தான்."

அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை வந்தாள், தாயும் வந்தார். கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறார். கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயிலில், குடையை விரித்துக்கொண்டு நின்றார். உட்காரக் கதிரை கொண்டுவரச் சொன்னேன். வேண்டாம் என்றார். பந்து தன் மகளை நோக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடை ஒருதரம் ஆடி நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.